மண்ணூர் தோட்டத்து ஏடிவி: டயரும் அடித்தகடும்

மக்களே, கொஞ்சம் நீளமான த்ரெட். ஏடிவி வண்டிக்கு டயர் மாத்துறது, அடியில தகடு போடுறது பத்தி. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. லீவு நாள்ல பண்ணை வீடு, ரிசார்ட், பீச்னு போய் அந்த நாலு சக்கர பைக்ல பிள்ளைகளை ஏத்திவிட்டு போட்டோ எடுக்குற எல்லாரும் படிக்கலாம்.

மண்ணூர்ல என் மாமா பையனுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கு. சுத்தி இருந்த நிலமெல்லாம் பிளாட் போட்டாச்சு. இவன் மட்டும் விக்கல. மா, கொய்யா வச்சான், கிணத்தைத் தூர் வாரினான், ரெண்டு கொட்டகை போட்டான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஃபேக்டரில வேலை செய்யற குடும்பங்க, பூந்தமல்லி அப்பார்ட்மெண்ட் ஆளுங்க ஞாயித்துக்கிழமை வருவாங்கன்னு கணக்கு. கணக்கு ஓரளவு சரியாவும் வந்துச்சு. அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலைல மூடிட்டுப் போன ஒரு இடத்துலேர்ந்து ரெண்டு ஏடிவி செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டு வந்துட்டான். 125 சிசி. கியர் போட வேணாம், ஆக்ஸிலேட்டரைக் கட்டைவிரலால அமுக்கினா போகும். அதான் ஆபத்தும். நாலு வயசுப் பிள்ளைக்கும் கட்டைவிரல் இருக்கு.

வாங்கி மூணு மாசத்துல போன். "மச்சான், டயர் வெடிப்பு விட்டுருக்கு. என்ன டயர் போடலாம்? அடியில தகடும் போடணும், கல்லுல தட்டுது." நான் ஜிஹெச்ல கேஷுவாலிட்டி பாக்குற எம்பிபிஎஸ். டயர் டாக்டர் இல்ல. ஆனா பைக் கிறுக்கு உண்டு, அது அவனுக்குத் தெரியும். அடுத்த ஆஃப்ல கிளம்பிப் போனேன்.

முதல்ல டயரைப் பார்த்தோம். பக்கவாட்டுல பொடி எழுத்துல ஒரு நீள்வட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். இவன் வண்டியில 2214. அதாவது 2014ம் வருஷம் 22வது வாரம் செஞ்சது. பட்டன் எல்லாம் நல்லா உயரமாத்தான் இருக்கு, தேயவே இல்ல. ஆனா பட்டனுக்கு நடுவுல, பக்கவாட்டுல, வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு. ரப்பருக்கும் வயசு உண்டு. வெயிலும் காத்துல இருக்குற ஓசோனும் சேர்ந்து அதை உலர்த்திடும், ஓடினாலும் சரி, ஷெட்ல நின்னாலும் சரி. பைக், கார் வச்சிருக்குறவங்களும் போய் அந்த நாலு எண்ணைப் பாருங்க. சட்டம் கேக்குற பட்டன் ஆழம்: ரெண்டு சக்கரம், மூணு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர், மத்ததுக்கு 1.6. வயசைப் பார்க்க வேண்டியது நாமதான்.

இதுல ஒரு வேடிக்கை. ஒரகடத்துல அப்போலோ, கண்ணந்தாங்கல்ல சியட், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே டயர். பைக்ல போற தூரத்துல மூணு பெரிய டயர் ஃபேக்டரி. மண்ணூர்ல பாதித் தெருவுக்கு ஷிப்ட் பஸ் வருது. பெரும்பாலும் கார், லாரி டயர். இந்தக் குட்டி டயர் சுங்குவார்சத்திரத்துலயும் கிடையாது, பூந்தமல்லியிலயும் கிடையாது. பிகேடின்னு நம்ம நாட்டுக் கம்பெனியே ஏடிவி டயர் செய்யுது, ஆனா பெரும்பாலும் கப்பல் ஏறிப் போயிடுது. கடைசியில ஆர்டர் போட்டு வரவழைக்கிறதுதான் வழி. ஆர்டர் போடணும்னா சைஸ் படிக்கத் தெரியணும்.

முன்னாடி 19×7-8, பின்னாடி 18×9.5-8 னு போட்டிருந்தது. பைக் டயர்ல 120/90-17 னு பார்த்துப் பழகின கண்ணுக்கு இது குழப்பும். இங்க எல்லாமே இஞ்ச்தான். 19 இஞ்ச் மொத்த உயரம், 7 இஞ்ச் அகலம், 8 இஞ்ச் ரிம்.

மச்சான் போன்ல ஒரு டயர் காட்டினான். ஒவ்வொரு பட்டனும் கட்டைவிரல் நீளம், சேத்து டயர். "இதைப் போட்டா மாஸா இருக்கும். ஒரு சைஸ் பெருசா போட்டா கல்லுலயும் தட்டாதுல்ல?" கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா இந்த வண்டியோட பின் அச்சைப் பார்த்தா வேற கதை தெரியும்.

கார்ல திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாவும் சுத்தும். அதுக்குன்னே டிஃபரென்ஷியல் இருக்கு. இந்தச் சின்ன ஏடிவியில அது கிடையாது. ரெண்டு பின் சக்கரமும் ஒரே இரும்புத் தண்டுல மாட்டியிருக்கு, செயின் அந்தத் தண்டைச் சுத்துது. ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தியாகணும். அப்போ திரும்பணும்னா ஒரு சக்கரம் வழுக்கியாகணும். மண்ணுல வழுக்கும், சமாளிச்சுக்கலாம். சிமெண்ட் தரையிலயோ தார் ரோட்டுலயோ டயர் பிடிச்சுக்கும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராவே போகும், ஓட்டுறவன் பயந்து இன்னும் ஒடிப்பான், திடீர்னு முன் சக்கரம் பிடிக்கும், உள்பக்கம் தூக்கும். அவ்வளவுதான், கவுந்துடும்.

பைக்ல பிடிமானம் அதிகமுன்னா பாதுகாப்பு அதிகம்னு நாம பழகியிருக்கோம். இங்க பாதிதான் உண்மை. நம்ம ஊர் மண்ணு தை மாசத்துலேர்ந்து ஆடி வரைக்கும் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். சேத்து டயரோட நீளப் பட்டன் அதுல நகம் மாதிரி கொக்கி போடும். உயரமான டயர் போட்டா மொத்த வண்டியும் அரை இஞ்ச், ஒரு இஞ்ச் மேல போகும், உட்கார்ந்திருக்குறவனோட எடையும் சேர்ந்து மேல போகும். ஐப்பசி, கார்த்திகையில சேறு இருக்குமேன்னு கேட்டான். அந்த ரெண்டு மாசம் கடையை மூடுடான்னேன். அவன் அப்பவும் மூடித்தான் வைக்கிறான், வரப்பு தெரியாது.

அதனால அதே சைஸ், குட்டையான நெருக்கமான பட்டன். ரெண்டாவது முடிவு பிளை. இது டயருக்குள்ள எத்தனை அடுக்கு நூல் பலம்னு சொல்ற கணக்கு. நம்ம ஊர்ல அதை முடிவு பண்ண வேண்டியது சீமைக்கருவேல முள்ளு. ரெண்டு பிளை டயர் அதுக்கு அப்பளம். ஆறு பிளை முள்ளைத் தாங்கும், ஆனா அது கனமான பெரிய வண்டிக்கு. இந்த லேசான வண்டியில போட்டா டயர் அமுங்கவே அமுங்காது, ஒவ்வொரு மேட்டுலயும் துள்ளும். நாலு பிளை எடுத்தோம்.

மூணாவது, பின் டயரை ஜோடியாத்தான் மாத்தணும். ஒரே தண்டுன்னு சொன்னேன்ல? ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தேஞ்சதுன்னா ரெண்டோட சுத்தளவும் வேற. வண்டி எப்பவும் ஒரு பக்கமா இழுக்கும். "ஒண்ணு நல்லாத்தானே இருக்கு"ன்னு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்ல.

காத்து விஷயத்துல எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு. பஞ்சர் கடைத் தம்பி பைக் மாதிரி நினைச்சு 25 பிஎஸ்ஐ அடிச்சு வச்சிருந்தான். இந்த வண்டியோட சேஸிஸ்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல 5ன்னு இருக்கு. ஆமா, ஐந்து. இந்த மாதிரி வண்டிக்கு சஸ்பென்ஷன்ல பாதி வேலையை டயர்தான் செய்யுது. 25 அடிச்சா கல்லு மாதிரி ஆகி, பந்து மாதிரி துள்ளும். பெட்ரோல் பங்க் மீட்டர் 5ஐ ஒழுங்கா காட்டாது. குறைஞ்ச அழுத்தம் பார்க்குறதுக்குன்னே சின்ன கேஜ் விக்குது, அதை வாங்கினோம். கை பம்ப் போதும். இடது 5, வலது 6ன்னு இருந்தாலே இருபது சதவீத வித்தியாசம், காலையில வண்டி ஆறியிருக்கும்போது பார்த்துக்கணும்.

இனி தகடு.

தோட்டத்துக்குப் பின்னாடி இருக்குற பழைய பிளாட் நிலத்துல கோரைப்புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கு. நிலத்துக்காரர் அனுமதியோட அங்கதான் ட்ராக். புல்லுக்குள்ள எல்லைக் கல் ஒளிஞ்சிருக்கு. முழங்கால் உயரத்துல கருங்கல்லு, மேல பெயிண்ட் போய் புல்லோட புல்லா நிக்கும். அங்கங்க கான்கிரீட் துண்டு, அதுல நீட்டிக்கிட்டு கம்பி. இதுல அடிபட்டா என்ஜின் அடிப்பாகம் ஓட்டையாகி ஆயில் ஊத்தும்.

மச்சான் என்ஜினுக்குக் கீழே மட்டும் தகடு கேட்டான். வண்டியைச் சாய்ச்சு வச்சுக் குனிஞ்சு பார்த்தோம். என்ஜினை விடத் தாழ்வா தொங்கறது பின் அச்சுல இருக்குற செயின் பல்சக்கரமும் பிரேக் தட்டும். சின்ன டயர்ங்கறதால அது தரைக்கு நாலு விரக்கடைதான் மேல. ஏற்கெனவே பல்சக்கரத்துல ரெண்டு பல்லு மடங்கியிருந்தது. கல்லு முதல்ல தொடப்போறது அங்கதான். அதனால ரெண்டு தகடு: நடுவுல ஒண்ணு, பின் அச்சுக்குக் கீழே ஒண்ணு.

இந்தப் பக்கத்துல லேசர் கட்டிங் கடைக்கும் பெண்டிங் கடைக்கும் பஞ்சமே இல்ல, கார் கம்பெனிக்கு சப்ளை பண்ற சின்னப் பட்டறைங்க தெருவுக்குத் தெரு. அட்டையில வெட்டி அளவு எடுத்துட்டுப் போனோம். மேஸ்திரி மூணு வழி சொன்னார். 3 மில்லி இரும்பு, 5 மில்லி அலுமினியம், இல்லன்னா 10 மில்லி கெட்டி பிளாஸ்டிக், கன்வேயர்ல போடுவாங்களே வெள்ளையா வழவழன்னு, அது. அறுபதுக்கு முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் தகடுக்கு இரும்புன்னா ஏறக்குறைய 5 கிலோ, அலுமினியம் 3 கிலோவுக்குக் கீழே, பிளாஸ்டிக் 2 கிலோ. இரும்பு வளைஞ்சா தட்டி நிமித்தலாம், வெல்டிங் எந்தத் தெருவுலயும் கிடைக்கும், ஆனா துரு. அலுமினியம் கல்லுல கீறும்போது கொஞ்சம் கடிச்சு நிக்கும். பிளாஸ்டிக் கல்லு மேல சோப்பு மாதிரி சறுக்கிப் போயிடும், ஆனா சைலன்சர் பக்கத்துல வைக்க முடியாது. நடுவுல அலுமினியம், பின் அச்சுக்கு இரும்புன்னு முடிவாச்சு. கீழே இருக்குற எடைதானே, வண்டி கவுற விஷயத்துல அது கெடுதல் பண்ணாது.

மேஸ்திரி கிட்ட ரெண்டு விஷயம் வற்புறுத்திச் சொன்னேன். போல்ட் தலை தகட்டுக்கு வெளியே துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது, குழிச்சு உள்ளே போகணும். இல்லன்னா முதல் கல்லே தலையைச் சீவிடும், அப்புறம் தகடு தொங்கிக்கிட்டு வரும். ஆயில் இறக்குற இடத்துல ஓட்டை, மண்ணு உதிர வரிசையா ஓட்டை. காய்ஞ்ச புல்லு தகட்டுக்கு மேல சேர்ந்து, சூடான சைலன்சரைத் தொட்டா தீப்பிடிக்கும். ஏடிவி எரியறதுக்கு இது ஒரு தெரிஞ்ச காரணம். ஓட்டை இருந்தாலும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் கையை விட்டுப் புல்லை உருவணும். ரெண்டு வண்டிக்கும் சேர்த்து ஆறாயிரத்துக்குள்ள முடிஞ்சது.

வண்டியோட வயித்துக்கு இவ்வளவு யோசிச்சாச்சு. அப்புறம்தான் எங்களுக்குள்ள சண்டையே.

கேஷுவாலிட்டில பிள்ளைகளைக் கொண்டு வருவாங்க. சைக்கிள்லேர்ந்து விழுந்தான், ஹேண்டில் வயித்துல குத்திச்சு, ஒண்ணும் இல்ல டாக்டர், விளையாடிட்டுத்தான் இருக்கான்னு சொல்வாங்க. வயித்துல பத்து ரூபா காசு அளவுக்கு ஒரு வட்டத் தடம் இருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்தா நாங்க வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். பிள்ளைங்களோட வயித்துச் சதை மெலிசு. ஹேண்டிலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல கல்லீரல், மண்ணீரல், கணையம், சிறுகுடல் மாட்டி நசுங்கும். முதல் சில மணி நேரம் சும்மா இருக்கும். ராத்திரி வாந்தி, மறுநாள் வயிறு உப்பல், முகம் வெளிறல். சைக்கிளுக்கே இந்தக் கதை. ஏடிவி நூறு கிலோவுக்கு மேல. கவுந்தா ஓட்டினவன் மேலேயே வந்து படுக்கும். நெஞ்சு மேல படுத்தா எலும்பு முறியணும்னு இல்ல, மூச்சை உள்ளே இழுக்க நெஞ்சு விரியணும், விரிய இடம் இருக்காது. சில நிமிஷம்தான்.

மச்சானுக்கு வர்ற வருமானத்துல பாதி பிறந்தநாள் பார்ட்டி. ஏழு, எட்டு, பத்து வயசுப் பிள்ளைகங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 16 வயசுக்குக் கீழ யாரும் ஏடிவியில ஏறவே கூடாதுன்னு சொல்லுதுன்னு சொன்னேன். "அமெரிக்காக்காரன் சொன்னா ஆச்சா? நீ வந்து என் இஎம்ஐ கட்டுறியா டாக்டரே?" ன்னான். டாக்டரேன்னு அவன் கூப்பிட்டா கோவமா இருக்கான்னு அர்த்தம்.

நான் சும்மா பயமுறுத்தல. மூணு சக்கர ஏடிவின்னு ஒண்ணு இருந்தது, முன்னாடி ஒரு சக்கரம். கவுந்து கவுந்து ஆளுங்க செத்ததுல 1988ல அமெரிக்காவுல கம்பெனிங்களே அரசோட ஒப்பந்தம் போட்டு விக்கிறதை நிறுத்தினாங்க. ஆஸ்திரேலியாவுல பண்ணையில ஆடு மாடு மேய்க்க இதைத்தான் ஓட்டுறாங்க, பழகின ஆளுங்க. அங்கேயே சாவு குறையலன்னு, 2021 அக்டோபர்லேர்ந்து புதுசா விக்கிற பண்ணை வண்டிக்குப் பின்னாடி வளைவுக் கம்பி கட்டாயம், கவுந்தா ஆளை நசுக்காம இடம் விடுறதுக்கு. பெரிய கம்பெனிங்க சில பேர் அதுக்கு ஒத்துக்காம அந்தச் சந்தையையே விட்டுப் போனாங்க. பழகின விவசாயிக்கே அந்த நிலைமை. இங்க ஞாயித்துக்கிழமை வந்து அஞ்சு நிமிஷம் ஓட்டுற பிள்ளைக்கு?

அத்தைதான் நடுவுல புகுந்தாங்க. "அவன் ஆஸ்பத்திரில பாக்குறதைத்தான்டா சொல்றான்" ன்னாங்க. அவங்க மடியில மச்சானோட ஆறு வயசுப் பொண்ணு. அவளை இதுல ஏத்துவியாடான்னு கேட்டேன். பதில் சொல்லல. எழுந்து போய் மோட்டார் போட்டுட்டு வந்தான்.

ஒரு வாரம் பேசல. அப்புறம் அவனே போன் பண்ணி ஒரு கணக்கு சொன்னான். 16க்குக் கீழ ஓட்டுறது இல்ல, முன்னாடியோ பின்னாடியோ உட்கார வச்சுக்கிட்டுப் போறதும் இல்ல. சாவியை எடுத்துட்டு நிறுத்தி வச்ச வண்டியில உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கலாம். பிறந்தநாளுக்குக் கிணத்துப் பக்கம் தொட்டியில குளியல், கொய்யா பறிக்கிறது, ஊஞ்சல். வருமானம் அடிவாங்கிச்சு. அதை மறைக்க நான் விரும்பல, முதல் மாசம் ரெண்டு பார்ட்டி கேன்சல்.

பெரியவங்களுக்கும் சில மாத்தம் செஞ்சோம். கால் வைக்கிற கம்பிக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல திறந்த இடம் இருக்கும். கால் நழுவித் தரையில பட்டா பின் சக்கரம் காலை இழுத்துக்கும், கணுக்கால் திருகிடும். அந்த இடத்துல தடித்த நைலான் வலை கட்டினோம். டயரை விட, தகட்டை விட மலிவு. ஹேண்டில்ல கயிறு சுவிட்ச்: கயிறோட மறுமுனை ஓட்டுறவன் மணிக்கட்டுல, ஆள் விழுந்தா என்ஜின் நின்னுடும். ஆக்ஸிலேட்டர் பக்கத்துல ஒரு திருகு இருக்கு, அதை உள்ளே முடுக்கினா முழு வேகம் போகாது. எல்லைக் கல் எல்லாத்தையும் கண்டுபிடிச்சுப் பக்கத்துல பழைய லாரி டயர் போட்டு வெள்ளை அடிச்சோம். ஹெல்மெட் இல்லாம சாவி கிடையாது. வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது, அதனால கேட்டைத் தாண்டி ரோட்டுல இறங்கக் கூடாது. தார் ரோட்டுல அந்தப் பின் அச்சு என்ன பண்ணும்னு மேலேயே சொல்லிட்டேன்.

நீங்க வேற எங்கயாவது போறீங்கன்னா, வண்டியில ஏறும் முன்னாடி நின்னு பாருங்க. டயரை விரலால அமுக்கினா கொஞ்சம் கொடுக்கணும். வெடிப்பு தெரிஞ்சா வேணாம். கயிறு சுவிட்ச் இருக்கான்னு கேளுங்க. சிமெண்ட் தரையில ஓட்ட விட்டா திரும்பி வந்துடுங்க. ஒருத்தர் உட்காருற வண்டியில அப்பா, பிள்ளை ரெண்டு பேரா ஏறாதீங்க. இந்த வண்டி உடம்பைச் சாய்ச்சு ஓட்டுறது, ரெண்டாவது ஆள் இருந்தா சாய முடியாது.

யாராவது கவுந்தா முதல்ல வண்டியை மேலேர்ந்து தூக்குங்க, என்ஜினை அணைங்க. அப்புறம் அவசரப்படாதீங்க. அக்குள்ல கை கொடுத்து எழுப்பி உட்கார வச்சுத் தண்ணி கொடுக்குற பழக்கம் வேணாம். கழுத்து அசையாம அப்படியே படுக்க விட்டு 108 கூப்பிடுங்க. மூச்சு விடுறானான்னு பாருங்க. மண்ணு ஒட்டின சிராய்ப்பை ஓடுற தண்ணில நல்லா கழுவணும், காப்பித்தூள், மஞ்சள், பேஸ்ட் எதுவும் வேணாம். டிடி ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா இருக்கு. வயித்துல அடின்னா, பிள்ளை சிரிச்சாலும், ஒரு டாக்டர் கையால வயித்தைத் தொட்டுப் பார்க்கட்டும்.

நேத்து ராத்திரி டியூட்டியில இருக்கும்போது மச்சான் போன். புது டயர்ல கருவேல முள்ளு ஏறி, பின்னாடி இடது பக்கம் காத்து இறங்குதாம். "ஜோடியா மாத்தணும்னியே, ரெண்டும் வாங்கணுமா?" ன்னு கேட்டான். பட்டன் பக்கம் ஏறின முள்ளுதானே, குச்சி வச்சு ஒட்டினா போதும், அடைச்சதும் 5 வச்சுப் பாருன்னேன். கேஜ் எங்க வச்சேன்னு தெரியலன்னு தேடிட்டிருக்கான்.